சுடலைமுத்துவுக்கு நான் மறுத்த மாங்காய்

உங்கள் வாட்ஸப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டு, மறுநாளே ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். "மேடம், பச்சையா சாப்பிடறது நல்லதா, வேக வெச்சு சாப்பிடறது நல்லதா? ஒரே வரில சொல்லுங்க, போஸ்டர் போடணும்." ஒரே வரியில் சொல்லித்தான் நான் ஒரு மனிதரைப் பன்னிரண்டு வருஷம் ஏங்க வைத்தேன். அதனால் இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மும்பை ஆஸ்பத்திரிகளில் டயட்டீஷியனாக இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் எட்டுப் பேர். பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள். புரியாத வார்த்தைக்கு அம்மாவிடம் கேளுங்கள். தமிழில் நான் எழுதிக் கொடுத்த ஒரு காகிதத்தால் வந்த வினை இது. இங்கிலீஷில் சொன்னால் நான் செய்தது எனக்கே அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

முதலில் போஸ்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். உங்களிடம் இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் அடுப்பே வேண்டாம் என்கிறார்கள். பச்சைக் காய், பச்சை ஜூஸ், முளைகட்டின பயறு. ஒரு மாதம் கழித்து வயிறு உப்பிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். மீதிப் பேர் கீரையை முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு, தினம் கீரை சாப்பிடுவதாகப் பெருமையடிக்கிறார்கள். தக்காளியும் காரட்டும் வெந்தால்தான் தன்னிடம் உள்ளதைத் தாராளமாகத் தரும். கொய்யாவையும் எலுமிச்சையையும் அடுப்பில் வைத்தால் நமக்கு நஷ்டம். கிழங்கும் பருப்பும் வேகாமல் உள்ளே போனால் வயிறு சும்மா விடாது. நம் வீட்டு இலையில் சாம்பாருக்குப் பக்கத்திலேயே வெள்ளரிக்காய்க் கோசும்பரி இருக்கிறது, வெந்த இட்லிக்குப் பச்சைத் தேங்காய்ச் சட்னி இருக்கிறது. அங்கே யாரும் கட்சி கட்டவில்லை.

இதெல்லாம் உங்கள் பாடத்திலேயே உண்டு. யாருக்கு, எந்த வீட்டில், எத்தனை நாளைக்கு என்கிற மூன்று கேள்விகள்தான் பாடத்தில் இல்லை. இரண்டாவது கேள்வியில் ஒரு தடவையும் மூன்றாவதில் ஒரு தடவையும் நான் கோட்டைவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பச்சைக் கட்சிதான். மாட்டுங்காவில், அப்பா ஆபீஸ் போகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதை ஒரு வசதியாக நான் நினைத்ததே இல்லை. தாராவியில் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். தமிழ் தெரியும் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். "தினம் ஒரு வெள்ளரிக்கா, ஒரு காரட், ஒரு தக்காளி. பச்சையா, நல்லா கழுவி சாப்பிடுங்க" என்று பிரமாதமாகப் பேசினேன். பின்வரிசையில் இருந்து ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"எந்தத் தண்ணில கழுவ மேடம்? காலம்பற குழாயில வாரது குடிக்கதுக்கே பத்தல. மத்ததெல்லாம் டிரம்முத் தண்ணி. அதுல கழுவுனா காயி சுத்தமாவுமா, அழுக்காவுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். மறுவாரம் அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு ஐந்து மாதக் கர்ப்பிணி வாந்தியும் பேதியுமாக எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தாள். நான் சொன்னபடி மூன்று நாள் செய்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அவளுக்கு டிரிப் ஏறின அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். நான் சூடுபட்டு அடுப்பங்கரையிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் வேகவை, கொதிக்கவை, இதுதான் என் மந்திரம்.

அந்த மந்திரத்தில் நான் நன்றாக ஊறிப்போயிருந்த காலத்தில்தான் சுடலைமுத்து வந்தார்.

தாராவிக்காரர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். காலையில் இட்லி அவித்து, பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சயான் வரைக்கும் தெருத்தெருவாக விற்றுவருவார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், இரண்டு வருஷம் டயாலிசிஸில் ஓட்டினார். கடைசியில் அவர் மனைவி பேச்சியம்மாள் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள், அது எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், அதனால் ஆரம்ப மாதங்களில் பச்சை உணவு ஆகாது. உங்களுக்கு இது தெரிந்ததுதான். உங்கள் அம்மாக்கள் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன்.

அவர் வீட்டுக்குப் போகிற நாள். ஆஸ்பத்திரி அச்சடித்து வைத்திருந்த பத்தியக் காகிதம் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மராத்தியிலும் இருந்தது. அவருக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது. சமைக்கப்போகிற பேச்சிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அதனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அச்சுக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து, பெரிய பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன். அதில் எனக்குப் பெருமை வேறு. அந்த டிபார்ட்மென்ட்டில் தமிழில் எழுதிக் கொடுக்க நான் ஒருத்திதானே.

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சையா ஒண்ணுமே கூடாதா மேடம்?"

"கூடாது."

"பழஞ்சோத்துக்கு ஒரு சின்ன உள்ளி?"

"பழைய சோறும் கூடாது, வெங்காயமும் கூடாது."

"தேங்காச் சட்னி?"

"வதக்கி, அரைச்சு, ஒரு கொதி விட்டு சாப்பிடுங்க."

இட்லிக்காரரிடம் போய்ச் சட்னியைக் கொதிக்கவைக்கச் சொன்னால் என்ன ஆகும்? முகத்தைச் சுளித்தார். பிறகு குரலைத் தணித்து, "கைரி?" என்றார்.

பச்சை மாங்காய்க்கு இந்த ஊரில் கைரி என்று பேர். அவர் மகள் இசக்கி அப்போது நாலாம் வகுப்பு. நோய்க்கு முன்னால், மத்தியானம் வியாபாரம் முடிந்ததும் காலிப் பாத்திரத்தோடு நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போவாராம். அங்கே கைவண்டியில் கைரியைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்கள். அப்பாவும் மகளும் ஒரு மாங்காயைப் பாதிப் பாதியாகத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். டயாலிசிஸ் வந்ததும் பொட்டாசியத்துக்குப் பயந்து அதை நிறுத்தியிருந்தார். ஆபரேஷன் முடிந்ததும் மறுபடி தின்னலாம் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"பிள்ளட்ட சொல்லிட்டேன் மேடம். ஒரே ஒரு கீத்துதான்."

"ஒரு கீத்தும் கூடாது. பேச்சி அறுத்துக் குடுத்ததை ஒரு மாங்காய்க்குத் தொலைக்கப் பாக்கறீங்களா?"

அப்படிப் பேசியிருக்கவே வேண்டாம். கூடாது என்றாலே போதும், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் என் நாக்கு வெடுக்கென்று பேசுகிற நாக்கு, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேச்சி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கே இன்னும் தையல் ஆறவில்லை. அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"எதையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. காய், பழம், பால், தண்ணீர் எல்லாம் கொதிக்கவைத்த பிறகே." இதுதான் நான் எழுதினதில் தலையான வரி. அச்சுக் காகிதத்தில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது. முதல் ஆறு மாதத்துக்கு மட்டும், பிறகு கேட்டு மாற்றிக்கொள்ளவும் என்று. அதற்குள் என் காகிதம் அடிவரைக்கும் வந்துவிட்டது, இடமில்லை. வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் சொல்லவில்லை என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம் மாதம் அவர் வந்தபோது நான் லீவில் இருந்தேன். மாட்டுங்கா வீட்டைக் காலி செய்து செம்பூருக்குக் குடிபோகிற வேலை. என் இடத்தில் இருந்த பெண் அவர் எடையைப் பார்த்தாள், ரிப்போர்ட்டைப் பார்த்தாள், எல்லாம் நன்றாக இருந்தது, 'கன்டினியூ' என்று எழுதிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்க் காகிதத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு என்னைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றினார்கள். வருஷா வருஷம் டாக்டர்கள் பத்தியமாக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அவர் "ஹான் சாப்" என்றார். "வெரி குட்" என்று அனுப்பினார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை.

நான் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிறது. வார்டை நினைத்து ஏங்காத நாளில்லை. கொதிக்கிற பருப்பும் டெட்டாலும் கலந்த அந்தக் காரிடார் வாசனைக்காகவே சில நாள் காலையில் சீக்கிரம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இந்தத் தை மாதம் ஒரு நாள் பேச்சி தட்டில் வெற்றிலை பாக்கோடு செம்பூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இசக்கிக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்குப் பூனாவில் வேலை.

"நீங்க கண்டிப்பா வரணும் மேடம். நீங்க இல்லன்னா இந்தக் கல்யாணத்துல அவுக இருந்திருக்க மாட்டாக."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிட்டயர் ஆனவளை இப்படி ஒருத்தி தேடி வந்து சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. கல்யாணத்துக்கு ஆட்டோவில் போகிறபோதும் அதையே நினைத்து மகிழ்ந்துகொண்டு போனேன்.

முதல் பந்தியில் என்னை உட்காரவைத்து, சுடலைமுத்துவே பக்கத்தில் நின்று கவனித்தார். நன்றாகத் தேறியிருந்தார், மீசை மட்டும் நரைத்திருந்தது. கோசும்பரி, மாங்காய் ஊறுகாய், தயிர்ப்பச்சடி என்று இலை நிறைந்துவிட்டது. நீங்களும் உட்காருங்கள் என்று நான் வற்புறுத்தினேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இலை போட வந்தவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவைத் திறந்தார். குழைந்த சோறு, வெந்த பீன்ஸ், வேகவைத்த ஆப்பிள்.

"என்ன இது? கிட்னி ரிப்போர்ட்ல கிரியேட்டினின் ஏறிடுச்சா?" என்றேன்.

"இல்ல மேடம், எல்லாம் நார்மல். இது நீங்க சொன்னதுல்லா. பன்னெண்டு வருசம், ஒரு நா தப்பல."

பின்னாலிருந்து பேச்சி சொன்னாள். "உங்க காயிதத்த லேமினேட் பண்ணி அடுப்படில மாட்டிருக்கேன் மேடம்."

கோசும்பரி என் வாயில் அப்படியே இருந்தது. அந்தக் கடைசி வரி அந்த நிமிஷம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மென்று விழுங்கிவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லது" என்றேன்.

கல்யாண வீட்டில் வைத்து இதைச் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. பயம்தான். எப்போது விட்டிருக்கலாம் என்று அவர் கேட்பார், பதில் சொல்ல வேண்டிவரும். காகிதத்தில் ஒரு வரியை விட்டது அசிரத்தை. தெரிந்த பிறகு "நல்லது" என்று சொன்னதுதான் பெரிய தப்பு. உங்களில் யாருக்கும் அப்படி ஒரு நிமிஷம் வராமல் போகாது.

மறுநாளே அவருடைய டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எப்போதோ விட்டிருக்கலாமே என்றார். வீட்டில் நல்ல தண்ணீரில் கழுவி, தோல் சீவி, உடனே சாப்பிடுவதாக இருந்தால் போதும். தெருவில் வெட்டிவைத்தது, பச்சை முளைப்பயறு, காய்ச்சாத பால் மட்டும் என்றைக்கும் வேண்டாம். பம்ப்ளிமாஸ் மாத்திரையோடு சேராது, அதுவும் வேண்டாம். "நீங்கள் அப்போதே சொல்லவில்லையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் முகம் சுட்டது.

அடுத்த வாரம் தாராவிக்குப் போனேன். அவர் இட்லியோடு வெளியே போயிருந்தார். வேண்டுமென்றே அந்த நேரத்துக்குத்தான் போனேன். சமைக்கிறவள் ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பத்தியமும் மாறாது என்பது என் அனுபவம். ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் பேச்சியிடம் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் தலையைத்தான் ஆட்டினாள்.

"வேண்டாம் மேடம். இவுக கூட ஆபரேசன் பண்ணவுக ரெண்டு பேரு இந்த ஏரியாலதான் இருந்தாக. எல்லாத்தையும் சாப்ட்டாக. இப்ப ரெண்டு பேரும் இல்ல. இவுக சாப்புடல, இருக்காக. இனிமே போயி எதுக்கு?"

"அது அதனால இல்ல பேச்சி. இவர் மாத்திரைய ஒரு வேளை தவறாம சாப்பிட்டார். அதனால."

"உள்ள இருக்கது என்னுது மேடம். அதுக்கு எது ஆவும், எது ஆவாதுன்னு நான் சொல்லக் கூடாதா?"

முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்த டாக்டரும் என்னை இப்படி வாயடைக்கவைத்ததில்லை. அவளே மெல்லச் சொன்னாள். "நானுந்தான் பச்சையா ஒண்ணுந் திங்கல மேடம். வீட்டுக்குள்ள ஒரு உள்ளி வாட அடிச்சா அவுகளுக்கு ஆசை வந்துரும்லா. இசக்கி எங்கயாச்சும் தோழி வீட்ல தின்னுட்டு, வாயக் கொப்பளிச்சிட்டுதான் படியேறும்."

ஒருவரைத்தான் ஏங்கவைத்தேன் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். அந்த வீட்டில் மூன்று பேர் ஏங்கியிருக்கிறார்கள்.

சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் அவர் சாப்பிடுவார், பேச்சியால் தடுக்க முடியாது. நான் அப்படிச் செய்யவில்லை. பன்னிரண்டு வருஷம் அடுப்படியில் நின்றவள் அவள். அவளை மீறி அந்த வீட்டில் ஒரு மாங்காயை நுழைக்க எனக்கு என்ன உரிமை? "அவர்கிட்ட சொல்லாம என்னால இருக்க முடியாது. ஆனா உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். நீயே டாக்டர்கிட்ட வந்து கேளு, நானும் கூட வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் வர ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் மாங்காய்க் காலம் வந்துவிட்டது. மாட்டுங்கா மார்க்கெட்டில் கூடை கூடையாகக் கைரி. எடுத்து முகர்ந்து பார்ப்பேன், வைத்துவிட்டு வருவேன். எனக்கும் இறங்கவில்லை. ஒவ்வொரு நாள் போகிறபோதும் அந்த வருஷத்து மாங்காயும் அவருக்கு இல்லாமல் போய்விடுமோ என்று அடித்துக்கொள்ளும். ஒரு நாள் அவளே போன் செய்தாள். டாக்டர் ரிப்போர்ட்டுகளை வருஷவாரியாகப் பரப்பிவைத்து விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள். "எழுதித் தருவீகளா?"

டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். அதை அவள் என்னிடம் நீட்டினாள். "நீங்க தமிழ்ல எழுதுங்க மேடம்."

என்னிடமே நீட்டினாள் பாருங்கள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன். எதைத் தின்னலாம், எது கூடாது, எப்படிக் கழுவ வேண்டும், வெட்டினதை மறுநாளைக்கு வைக்கக் கூடாது, எப்போது மறுபடி வந்து கேட்க வேண்டும், எல்லாம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கல்லு மாதிரி இருந்த ஒரு கைரியை வாங்கிக்கொண்டு போனேன். சுடலைமுத்து வீட்டில் இருந்தார். அடுப்புக்கு மேலே என் பழைய காகிதம் லேமினேட் உறைக்குள் மஞ்சளடித்து, எண்ணெய் தெறித்துத் தொங்கியது. நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவர் நான் பயந்த கேள்வியைத்தான் முதலில் கேட்டார்.

"எப்ப விட்டிருக்கலாம் மேடம்?"

"ஆறு மாசத்துல."

விரல் விட்டு எண்ணினார். "அப்ப பிள்ள அஞ்சாப்பு" என்றார். அப்புறம் நிதானமாகச் சொன்னார். "அந்த வண்டி நிக்க சீசன்ல, பிள்ளயக் கூட்டிட்டு மெயின் ரோட்டுப் பக்கமா சுத்தித்தான் வருவேன் மேடம். வண்டியப் பாத்தா அது கேட்டுரும்லா, நான் என்ன சொல்லுவேன்? ஒரு நாளுங் கேக்கல. ஏம்ப்பா சுத்திப் போறோம்னுகூடக் கேக்கல. தெரிஞ்சிருக்கு பாத்துக்கிடுங்க."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். ஒரு பேஷன்ட்டிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுதுவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், உங்களிடம் என்ன வெட்கம்?

"விடுங்க மேடம். இருக்கேன்லா" என்றார்.

பேச்சி கொதித்து ஆறின தண்ணீர் கொண்டுவந்தாள். நானே கழுவி, தோல் சீவி, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவினேன். முதல் கீற்றைப் பேச்சிதான் எடுத்தாள். "நான் தின்னு பாக்கேன்" என்றாள். பல் கூசிக் கண்ணை மூடிக்கொண்டாள். தனக்கு ஏதாவது ஆனால் அவருக்கும் ஆகும் என்பதைப்போல ஒரு நிமிஷம் அப்படியே இருந்துவிட்டு, "ம்" என்று தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் ஒரு கீற்றை எடுத்தார், கடிக்கவில்லை. "பிள்ளைக்கு போன் போடு" என்றார். பேச்சி வீடியோவில் கூப்பிட்டாள். பூனாவில் ஈரத் தலையோடு இசக்கி வந்தாள். அப்பாவின் கையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"அப்பா, கைல என்னது? மொதல்ல கீழ போடுங்க. அம்மா எங்க போனா?"

"கைரிட்டி."

"தெரியுது. யாரு குடுத்தா?"

பேச்சி போனை என் பக்கம் திருப்பினாள். "மேடம் வந்திருக்காக. மேடம்தான் வெட்டிக் குடுத்தாக."

"மேடமா?" என்றாள் இசக்கி. அவள் தோள் தளர்ந்தது. "அப்ப சரி."

அவ்வளவுதான். ஏன் இப்போது, இதுவரைக்கும் ஏன் இல்லை, ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தபோதும் அவளிடம் மேடம் சொல்லிவிட்டார் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அப்போதும் இதையேதான் சொல்லியிருப்பாள். நான் போனை வாங்கினேன்.

"சரி இல்லம்மா. ஏன்னு என்னைக் கேளு. இத்தனை வருஷமா ஏன் இல்லைன்னு கேளு."

அவள் கேட்டாள். நான் சொன்னேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது, அதை அணைக்கக்கூட அவள் போகவில்லை. கடைசியில், "அப்பா, எனக்குப் பாதி வைங்க. அடுத்த சனிக்கிழம வாரேன்" என்றாள்.

"வெட்டுனத வைக்கக் கூடாதாம்ட்டி, மேடம் புதுசா எழுதிருக்காக. நீ வா. வேற வாங்கி வைக்கேன். ஒண்ணுதான் வாங்குவேன், பாதிப் பாதி." சொல்லிவிட்டு அவர் கீற்றைக் கடித்தார். மெதுவாக மென்றார். "உப்பு இன்னுங் கொஞ்சம் போடலாம்" என்றார்.

கிளம்பும்போது பேச்சி புதுக் காகிதத்தை ஆணியில் மாட்டிவிட்டு, பழையதை என்னிடம் கொடுத்தாள். தூக்கிப்போட மனசு வரவில்லையாம். இதை எழுதும்போது அது என் மேஜைமேல்தான் இருக்கிறது. இடமில்லாமல் போய்த்தான் அந்தக் கடைசி வரியை விட்டேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன் அல்லவா? என் கையெழுத்துக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெறும் காகிதம் இருக்கிறது.